மோசஸ் என்று நான் கூப்பிட்ட உனக்கு

இன்று காலை விறகுப்புரையின் மேல் கிடக்கும் ஃபிளக்ஸை மாற்றலாம் என்று ஏணி வைத்து ஏறினேன். ஓரமெல்லாம் கிழிந்து, காற்றடிக்கும்போது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பாசி படிந்த அந்தப் பரப்பில் இன்னும் ஒரு முகம் தெரிகிறது. முகத்துக்குக் கீழே தமிழிலும் மலையாளத்திலுமாகச் சிவப்பு எழுத்தில் ‘ஆப்பிரிக்கப் புயல் மோசஸ்’. ஆறு வருட வெயிலும் மழையும் அதை அழிக்கவில்லை. வந்த வேலையை விட்டுவிட்டு ஏணியிலேயே நின்றேன். அந்த முகம் உன்னுடையது இல்லை, அந்தப் பெயரும் உன்னுடையது இல்லை. ஆனாலும் அதைப் பார்த்தால் எனக்கு உன்னைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வருவதில்லை.

போன வெள்ளிக்கிழமை உன் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வந்தது. ‘எலே மக்கா, உயிரோட உண்டா?’ என்று கேலியாகப் பதில் சொல்ல வாயைத் திறந்தவன், குரலைக் கேட்டதும் அடங்கிப்போனேன். உன் மகள். உங்கள் ஊரில் மழை தொடங்கிய வாரத்தில் நீ போய்விட்டாயாம். ஒரு வாரக் காய்ச்சலாம். அவள் எனக்குப் புரிய வேண்டும் என்று ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திப் பேசினாள். பின்னாலேயே பதினொரு ஒலிப்பதிவுகளை அனுப்பினாள். நீ எங்கள் ஊரில் ஆடிய கால்பந்து ஆட்டங்களின் சத்தம். கூட்டத்தின் இரைச்சல், விசில், எல்லாவற்றுக்கும் மேலே ஒலிபெருக்கியில் என் தொண்டை.

“ஒவ்வொரு ஆட்டத்தையும் அப்பா எனக்காகப் பதிவு செய்து அனுப்பினார். மைக்கில் பேசுவது தன் நண்பர் என்று சொல்வார். இப்போது எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். அப்பாவின் பெயர் எதில் வருகிறது? எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.”

ஐந்து நாட்களாக நான் பதில் சொல்லவில்லை. பேச்சுத்தான் எனக்குப் பிழைப்பு. மைக் செட் வைத்திருப்பவன். கல்யாண வீடு, சபை விழா, கோயில் உற்சவம், கட்சிக் கூட்டம் என்று பாறசாலையிலிருந்து வெள்ளறடை வரை என் குரல் போகாத முடுக்கு கிடையாது. அப்படிப்பட்டவனிடம் ஒரு பெண் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

நீ வந்து இறங்கிய காலை அப்படியே இருக்கிறது. தை மாதப் பனி. பாறசாலை ஸ்டேஷனில் ரயில் நின்றது கூடத் தெரியவில்லை. வெள்ளையான ஏதோ ஒன்றுக்குள்ளிருந்து, தோளில் பூட்ஸைக் கோத்துத் தொங்கவிட்டபடி, நீ நடந்து வந்தாய். என்னுடன் நின்ற போட்டிக் கமிட்டிச் செயலாளர் சுகுமாரன் அண்ணன் உனக்குப் பின்னால் இன்னும் ஒருவர் வருவார் என்று எட்டி எட்டிப் பார்த்தார். அவர் தேடியது மோசஸை. முந்தின வருடம், அணிக்கு ஏழு பேர் ஆடும் எங்கள் செவன்ஸ் போட்டியில் கோலாக அடித்துத் தள்ளிய நெட்டையன். அவன் வடக்கே வேறொரு டீமுக்குப் போய்விட்டான், பதிலுக்கு நல்ல ஆளாக ஒருவரை அனுப்புகிறோம் என்று ஏஜெண்ட் முந்தின நாள்தான் போனில் சொல்லியிருந்தான். அதற்குள் மோசஸின் முகம் ஜங்ஷன் ஜங்ஷனாக ஏறிவிட்டது.

சுகுமாரன் அண்ணன் தலையைச் சொறிந்தார். “இனி என்னத்தச் செய்ய? ஃபிளக்ஸ் அடிச்சுக் கெட்டியாச்சு. லிஸ்டும் குடுத்தாச்சு. இவன்தான் மோசஸ். ஆருக்குத் தெரியப்போவுது?”

இதை நான்தான் உனக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். நீ சிரித்தாய். “மூன்று மாதம்தானே, இருந்துவிட்டுப் போகிறேன்” என்றாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

முதல் ஆட்டத்தில் பார்வையாளர் காலரி நிறைந்திருந்தது. எங்கள் மைதானத்தில் விளக்குக் கிடையாது, மாலை நாலரைக்கே விசில். மஞ்சள் வெயில் ரப்பர் மரங்களுக்கு இடையிலிருந்து சரிந்து விழ, ‘இதா வருகிறார் நம்முடைய மோசஸ்!’ என்று நான் முழங்க, நீ உள்ளே ஓடினாய். மைக்குக்குக் கீழே இரண்டு பேர் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது.

“போன வருசத்தவிடக் கொஞ்சம் குள்ளமாயிட்டானோடே?”

“ஊருல செரியான சாப்பாடு கெடச்சிருக்காது. பாவம்.”

இரண்டாயிரம் கண் பார்த்தது. ஒரு கண்ணுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நாங்கள் உன் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு முகத்துக்கு வராமலே திரும்பிவிட்டோம். அதையும் நான் வேடிக்கை என்று எண்ணி, சாயங்காலம் உன்னிடமே சொன்னேன்.

நீ நடுக்கள ஆட்டக்காரன். மோசஸ் முன்னால் நின்று அடிப்பவன். கூட்டம் உன்னிடம் மோசஸின் கோல்களைக் கேட்டது. நீ பந்து வந்ததும் அடிக்காமல், யாரும் நினைக்காத ஒரு பக்கத்துக்கு அதைத் தள்ளிவிட்டு நடந்தாய். “ஏ மோசே, கடலப் பொளப்பா!” என்று சபைக்காரப் பையன்கள் கத்தினார்கள். மூன்றாவது ஆட்டத்தில் கேலியாகக் கூவவே தொடங்கிவிட்டார்கள். எங்கள் டீம் வென்றுகொண்டே இருந்தது. யாரால் வெல்கிறது என்று மட்டும் கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை.

நீ எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தாய். என் கோளாம்பி ஒலிபெருக்கிகளை அடுக்கி வைக்கும் அறை அது. நான்கு பக்கமும் பெரிய பெரிய வாய்களாக அவை உன்னைப் பார்த்துக்கொண்டிருக்க, நடுவில் பாய் போட்டுப் படுத்தாய். ஒரு விடியலில் நான் சாயா கொண்டுவந்தபோது, நீ ஒரு கோளாம்பியின் வாயில் காதை வைத்துக்கொண்டிருந்தாய். “நேற்றைய சத்தம் இதற்குள் மிச்சம் இருக்குமா?” என்று கேட்டாய். பைத்தியம் என்று நினைத்தேன். நீ கீழே போனபின் நானும் காதை வைத்துப் பார்த்தேன். கடல் மாதிரி ஏதோ கேட்டது.

அந்தக் காலைகளில்தான் உன் கதை எனக்குத் துண்டு துண்டாகக் கிடைத்தது. சாயா ஆறிப்போகும். ஜாம்பியாவில் செம்பு வெட்டும் ஊர். எங்கள் மண்ணைப் போலவே சிவந்த மண். உன் அப்பா சுரங்கத்திலிருந்து மேலே வரும் நேரத்துக்குச் சங்கு ஊதும், அந்தச் சங்கு ஊதும்வரை விளையாட்டு. பத்தொன்பது வயதில் உங்கள் நாட்டின் பெரிய போட்டியில் இடம். நாட்டு அணியின் சட்டை போட்டு இரண்டே முறை, அதுவும் பாதி ஆட்டத்துக்குப் பிறகு. பின்னர் தெற்கே தென்னாப்பிரிக்காவில் ஐந்து வருடம். உன் வாழ்க்கையில் புல்லே புல்லாக இருந்த மைதானம் அது ஒன்றுதான் என்பாய். அங்கேதான் முழங்கால் போனது. முழங்காலோடு ஏஜெண்டும் போனான். மொசாம்பிக்கில் ஒரு வருடம், கோவாவில் இரண்டு, மலபாரின் செவன்ஸ் மைதானங்களில் நான்கு. படியில் ஒவ்வொன்றாக இறங்குவது போல இறங்கி எங்கள் ஊருக்கு வந்திருந்தாய். இதையெல்லாம் நீ வருத்தமாகச் சொன்னதில்லை. வேறு யாரோ ஒருவன் ஆடியதைப் பார்த்துவிட்டு வந்தவனைப் போலச் சொல்வாய்.

மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியின் இலை விஷயத்தை என் மனைவி ரெஜினா இன்றும் சொல்லிச் சிரிப்பாள். எங்கள் ஊரில் கிழங்கைத் தின்போம், இலையைத் தொட மாட்டோம். ஆடு தின்றால் செத்துப்போகும். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்பக்கத்துத் தோட்டத்தில் இறங்கி, இளம் இலையாகப் பறித்து உரலில் போட்டு இடிக்கத் தொடங்கினாய். ரெஜினா என்னைக் கூப்பிட்ட கூப்பாடு பாலராமபுரத்துக்குக் கேட்டிருக்கும்.

“இஞ்ச வாருங்க! இந்த மனுசன் சாவப்போறாரு! எலையத் தின்னா ஆடே சாவும், இவரு பொழைப்பாரா?”

நீ இரண்டு மணி நேரம் அதை வேகவிட்டு, தண்ணீரை வடித்து, மீண்டும் வேகவைத்து, வேர்க்கடலை இடித்துப் போட்டு இறக்கினாய். முதல் வாய் நீ வைத்தாய். நாங்கள் இருவரும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீ கண்ணை மூடிக்கொண்டாய். அம்மாவின் வீடு, என்றாய். நாங்கள் உன் முகத்தை உண்மையாகவே பார்த்தது அன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. ரெஜினாவும் கடைசியில் ஒரு விரல் தொட்டு நக்கி, “கொள்ளாம் கேட்டியளா” என்று மெச்சினாள்.

ஒருநாள் பொழியூர் கடற்கரைக்குப் போனோம். கரையில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் இருபது இருபது பேர் கயிற்றோடு சாய்ந்திருக்க, நடுவில் ஒருவர் மட்டும் வெறுங்கையோடு நடந்து, இந்தப் பக்கம் தளர்த்து, அந்தப் பக்கம் பிடி என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ என் தோளில் தட்டினாய். “அது நான்” என்றாய். “மீன் எத்தனை என்று எல்லோரும் கேட்பார்கள். அவர் பெயரை யாரும் கேட்க மாட்டார்கள்.” சொல்லிவிட்டு வெகுநேரம் அலையைப் பார்த்தாய். கடல் தின்ற வீடு ஒன்றின் பாதிச் சுவர் அங்கே நின்றது, அதன் சன்னல் வழியாக வானம் தெரிந்தது. அங்கே வைத்துத்தான் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். மூன்று மாதத்தில் நீ கேட்டது அந்த ஒன்றுதான்.

“இதுதான் என் கடைசி வருடம், மக்கா. முழங்கால் இதற்குமேல் தாங்காது. என் மகள் நான் ஆடி ஒருமுறையும் பார்த்ததில்லை. சத்தத்தை மட்டும் அனுப்புகிறேன். மோசஸ் யார் என்று கேட்கிறாள். ஒரே ஒருமுறை என் பெயரை அந்தக் கோளாம்பியில் சொல்.”

நான் சுகுமாரன் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் பதறிவிட்டார். “வேண்டாண்டே! லிஸ்டுல மோசஸ் ஆக்கும். மத்த டீம்காரன் கேட்டான்னா கப்பு போவும். வேணும்னா ஃபைனல் முடிஞ்சு விசில் ஊதினபொறவு சொல்லிக்கோ.” அதில் நியாயம் இருந்தது. விசில் ஊதியதும் சொல்கிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க உன் பெயரைச் சொல்லிப் பழகினேன். குளிக்கும்போது சொன்னேன், பைக்கில் சொன்னேன். உங்கள் மொழியின் அந்த நடு எழுத்து என் வாயில் படியும்வரை நீ விடவில்லை.

ஃபைனலில் ஒன்றுக்குப் பூஜ்யம். அந்தக் கோலுக்கு முன்னால் நீ கொடுத்த பாஸைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். விசில் ஊதியது. வெடி வெடித்தார்கள். ஆட்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் நீ ஒரு அவசரமும் இல்லாமல் மேடைக்குக் கீழே வந்து நின்று, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாய். உன் கை கொஞ்சம்கூட ஆடவில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தாய். நான் மூச்சை இழுத்தேன். அந்த நொடியில் சுகுமாரன் அண்ணன், கமிட்டி முடிவு செய்து வைத்திருந்த விருதுச் சீட்டு ஒன்றை என் கையில் திணித்தார்.

என் தொழிலின் சாபம் இது. கார் வழியை மறிக்கிறது, கண்ணாடி கிடைத்திருக்கிறது, ஜெபக்கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது என்று எந்தச் சீட்டு வந்தாலும் முதலில் வாசிப்பேன், பிறகுதான் யோசிப்பேன். வாசித்தேன். “தொடரின் சிறந்த ஆட்டக்காரர்... மோசஸ்!”

நான் சொன்னது என் காதுக்கு எட்டு திசையிலிருந்தும் திரும்பி வந்தது. சிறப்பு விருந்தினர் மைக்கை வாங்கிக்கொண்டார். நீ இன்னும் கொஞ்ச நேரம் போனைத் தூக்கியபடியே நின்றாய், ஒருவேளை இதற்குப் பிறகு வரும் என்று. பிறகு கையை இறக்கினாய். மேடை ஏறி, மோசஸ் என்று பொறித்த கோப்பையை வாங்கினாய். என்னைக் கடந்து போகும்போது, “சாரமில்ல மக்கா” என்றாய். பரவாயில்லை என்பதற்கு எங்கள் ஊரிலிருந்து நீ கற்ற சொல் அது; கற்றவற்றிலே அன்பானதும் அதுதான், அதை எனக்காகவே செலவழித்தாய்.

மைக்கைத் திரும்ப வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. கடைசி வருடம் என்று நீ சொல்லியிருந்தும், அடுத்த வருடம் வருவான், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானம் செய்தேன். மறுநாள் ஸ்டேஷனில் எங்களைப் போலவே “வாறேன்” என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினாய். கோப்பையை ரெஜினாவிடம் கொடுத்துவிட்டாய். பையில் இடமில்லை என்றாய். இடம் இருந்தது, நான் பார்த்தேன்.

இதையெல்லாம் காலையில் ஏணியில் நின்றபடி நினைத்துக்கொண்டேன். மத்தியானம் மாடிக்குப் போய், நீ காதை வைத்த அந்தக் கோளாம்பியை எடுத்தேன். ஆம்ப்ளிஃபயரையும் பேட்டரியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அடுத்த வாரம் போட்டி தொடங்குகிறது. கமுகுத் தடி நட்டுக் காலரி கட்டிக்கொண்டிருந்தார்கள். சுகுமாரன் அண்ணன் இப்போது கைத்தடியோடு நாற்காலியில் அமர்ந்துதான் மேற்பார்வை. அயினி மரத்தில் கோளாம்பியைக் கட்டினேன். நாலரை மணிக்கு, அதே மஞ்சள் வெயில் சரிந்தபோது, போனில் பதிவைத் தொடங்கிவிட்டு மைக்கை எடுத்தேன்.

ஆளில்லாத மைதானத்தில் அந்தப் பாஸைச் சொன்னேன். பந்து உன்னிடம் வருவதற்கு முன்பே நீ இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்ததை. முழங்கால் வலியில் இடது காலை லேசாக இழுத்ததை. மூன்று பேர் உன்னை நோக்கி ஓடி வர, நீ அவர்களைப் பார்க்காமல், யாருமே நிற்காத ஒரு மூலைக்குப் பந்தை மெல்ல உருட்டியதை. கூட்டம் ‘அய்யோ’ என்றதை. அந்த மூலைக்கு எங்கள் வலதுபக்க ஆட்டக்காரன் எங்கிருந்தோ வந்து சேர்ந்ததை. பந்து அவனுக்காகக் காத்திருந்தது போல இருந்ததை. கோல் அவனுடையது என்று அன்று கத்தினேன். “அந்தப் பந்தைக் கொடுத்தவர்...” என்று சொல்லி, உன் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும். உன் அப்பா பெயரோடு சேர்த்து. ரப்பர் தோட்டத்தில் பட்டு அது திரும்பி வந்தது.

தடி நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சுகுமாரன் அண்ணன் கைத்தடியை ஊன்றி எழுந்து வந்தார்.

“அது ஆருக்க பேருடே?”

“நம்ம மோசஸுக்க பேரு.”

“அவனுக்குப் பேரு மோசஸ் இல்லியா?”

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கண்ணைப் பார்த்தேன். மனிதருக்கு உண்மையாகவே மறந்துவிட்டது. ஃபிளக்ஸும் லிஸ்டும் ரயில் வந்த காலையும் எல்லாம் சொன்னேன். நீ போய்விட்டதையும் உன் மகள் கேட்டதையும் சொன்னேன். அவர் அயினி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அது நான் செஞ்ச வேலையாக்கும் மக்கா” என்றார். “இன்னும் ஒருக்காச் சொல்லு அந்தப் பேர.”

சொன்னேன். அவர் மைக்கைத் தரச் சொல்லிக் கையை நீட்டினார். நடுவில் ஒரு எழுத்தில் தடுக்கி, திரும்ப முதலிலிருந்து தொடங்கி, முழுவதுமாகச் சொன்னார். பிறகு மைக்கை என்னிடம் தந்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். வெட்டாமல் அப்படியே உன் மகளுக்கு அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து ஃபிளக்ஸைப் புரட்டிப் போட்டு, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி கட்டினேன். உன் பெயரை அதில் எழுதட்டுமா என்று ரெஜினா கேட்டாள். வேண்டாம் என்றேன். இந்த மடலிலும் நான் அதை எழுதவில்லை. எழுதிய பெயரால் நீ பட்டது போதும். நீ கேட்டது எழுத்தை இல்லை, சத்தத்தை. அடுத்த வாரத்திலிருந்து எங்கள் மைதானத்தில் கோல் விழும்போது, அடித்தவன் பெயருக்கு முன்னால், பந்தைக் கொடுத்தவன் பெயரைச் சொல்வேன். எந்தச் சீட்டு வந்தாலும் அதற்குப் பிறகுதான். உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பழக்கமும், ரெஜினா ஷோகேஸில் வைத்திருக்கும் அந்தக் கோப்பையும்தான்.

சற்று முன்புதான் உன் மகளின் பதில் வந்தது. எட்டு முறை கேட்டாளாம். நன்றி என்று அவள் சொல்லவில்லை, அழவும் இல்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

“இரண்டாவதாக அப்பாவின் பெயரைச் சொல்கிற அந்தப் பெரியவர் யார்? அவர் அப்பாவை நன்றாகத் தெரிந்தவரா?”

“இன்று சாயங்காலம் முதல்” என்று பதில் அனுப்பினேன்.